புதன்கிழமைக் கட்டம்

அரியூர் நாடு
13.2.2024

ரஞ்சிதா டீச்சர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்புக் கலைமணியின் அப்பா ராசப்பன் எழுதுவது. வணக்கம். நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

போன வியாழக்கிழமை லீப் வருடப் பாடம் என்று வகுப்பில் பெரிய அட்டை மாட்டினீர்களாம். ஏழு கிழமைக்கு ஏழு கட்டம். பிள்ளைகள் பிறந்த தேதியைப் பழைய காலண்டரில் தேடி, அந்தக் கிழமையின் கட்டத்தில் பெயர் எழுத வேண்டுமாம். பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறபடி என் மகள் 2013 காலண்டரில் பிப்ரவரி 29ஐத் தேடியிருக்கிறாள். அதில் அப்படி ஒரு தேதியே இல்லை. "இல்லாத தேதியில பொறந்த ஒரே ஆளு நீதான் போ" என்று நீங்கள் சொன்னீர்கள். இருபத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் கூடப் படிக்கும் கார்த்தி, "அப்ப நீ இன்னும் பொறக்கவே இல்ல" என்றானாம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கு வருவதில்லை. எங்களோடு மிளகு பறிக்க வருகிறாள். அவள் பிறந்த நாள் பொய்யில்லை என்று அதே வகுப்பில் நீங்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன். போன் வேண்டாம். போனில் பேசியதைப் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். சத்துணவு சமைக்கும் பானுமதியிடம் எழுதியே கொடுத்தனுப்புங்கள்.

ராசப்பன்

*

14.2.2024

திரு. ராசப்பன் அவர்களுக்கு,

ஓர் ஆசிரியருக்கு எழுதுகிற விதம் இதுவல்ல.

அந்த அட்டை, ஸ்கெட்ச் பேனா, பழைய காலண்டர்கள் எல்லாம் நாமக்கல்லில் கடை கடையாக ஏறி நான் சேர்த்தவை. ஒரு கொய்யாப்பழத்தை நான்காக நறுக்கி, வருடத்துக்கு ஒரு துண்டாகச் சேர்த்து, நான்காம் வருடம் ஒரு முழு நாள் எப்படிக் கிடைக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். இந்த மலையில் வேறு எந்தப் பள்ளியில் இப்படிப் பாடம் நடக்கிறது?

2013ஐ நான்கால் வகுத்தால் மீதி வரும். அந்த வருடம் பிப்ரவரிக்கு 28 நாள்தான். இது நான் போட்ட சட்டம் இல்லை. வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்ப்பது, பிறகு ஆசிரியரிடம் சண்டைக்கு வருவது, இதுதான் இங்கே வழக்கம். நீங்கள் சொன்னதைத்தான் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். பள்ளி நாளில் பிள்ளையை மிளகு பறிக்க வைப்பதுதான் குற்றம். நாளையே அனுப்புங்கள்.

அ. ரஞ்சிதா
பட்டதாரி ஆசிரியர்

*

16.2.2024

டீச்சர் அவர்களுக்கு,

வாய்க்கு வந்த தேதி இல்லை. கலைமணி வீட்டில்தான் பிறந்தாள். அன்று புதன்கிழமை. புதன் தடுப்பூசி நாள், அதனால்தான் நர்ஸம்மா ஊரில் இருந்தார். பிள்ளையைத் துடைத்து என் மனைவி மாதம்மாள் கையில் கொடுத்து, "இவளுக்கு நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் பொறந்த நாளுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு வலிக்கவில்லை.

வருடம் 2012. அப்படித்தான் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம் ஒரு டீச்சர் பதிவேட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அப்படின்னா ஆறு வயசு ஆச்சுங்களே, போன வருசமே சேர்த்திருக்கணும். என்னையத்தான் கேப்பாங்க. ஒரு வருசம் கொறைச்சுப் போட்டுக்கறேன்" என்றார். நான் தலையாட்டினேன். பிள்ளை படித்தால் போதும் என்று இருந்தேன். என் தப்பு அது ஒன்றுதான்.

யார் அந்த டீச்சர் என்று நான் எழுத மாட்டேன். பதிவேட்டைத் திறந்து கையெழுத்தைப் பாருங்கள்.

ராசப்பன்

*

19.2.2024

திரு. ராசப்பன் அவர்களுக்கு,

2012 காலண்டரைப் பார்த்தேன். பிப்ரவரி 29 புதன்கிழமைதான்.

பதிவேட்டையும் பார்த்தேன். என் கையெழுத்து. எனக்கு நினைவே இல்லை. அந்த ஜூனில் மட்டும் எழுபது வீடு ஏறி இறங்கினேன். எங்கள் எல்லையில் பள்ளியில் சேராத குழந்தை ஒன்றுகூட இல்லை என்று முந்தைய வருடமே எழுதிக் கொடுத்திருந்தோம். ஆறு வயதுக் குழந்தையைக் காட்டினால் என் வேலைக்கே ஆபத்து. வருடத்தை மாற்றியவள் தேதியைக் கவனிக்கவில்லை.

வருடத்தைத் திருத்த அலுவலகத்துக்கு எழுதுகிறேன். பெயர் வெளியே வராமல் முடித்துவிடலாம். வகுப்பில் சொல்லச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது?

அ. ரஞ்சிதா

*

22.2.2024

டீச்சர் அவர்களுக்கு,

என் மகள் எப்படி நின்றாளோ, அப்படி நில்லுங்கள்.

உங்களைப் பள்ளியில் பார்த்தபோதெல்லாம் எனக்கு அடையாளம் தெரிந்தது. நீங்களாகச் சொல்வீர்கள் என்றுதான் முதல் கடிதத்தில் எழுதவில்லை. நீங்களோ என்னைப் பொய்யன் என்றீர்கள். சிரிக்க வைத்தது இருபத்திரண்டு பேர் முன்னால், திருத்துவது மட்டும் அலுவலகத்தில் இரகசியமாகவா?

வரும் வியாழன் 29ஆம் தேதி. அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது. நானும் அவள் அம்மாவும் கூட்டி வருகிறோம். நீங்கள் சொன்னால் அவள் அங்கே படிப்பாள். இல்லாவிட்டால் டி.சி.யை எழுதி வையுங்கள். வேறு பள்ளியில் சேர்க்கிறேன்.

ராசப்பன்

*

1.3.2024

டீச்சர் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் லீவு. வயிற்றுவலி என்று பானுமதி சொன்னார். உங்கள் வயிற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டி, தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். உங்கள் நாற்காலியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வா கண்ணு, டி.சி. வாங்கிக்கலாம்" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிவிட்டு நேரே அந்த அட்டையிடம் போனாள். கார்த்திதான் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நீட்டினான். புதன்கிழமைக் கட்டத்தில் எழுதினாள்: கலைமணி, 29.2.2012. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "டி.சி. வேண்டாங்கப்பா. டீச்சரு லீவு முடிஞ்சு வருவாங்கல்ல. அவங்க வாயால சொல்ற வரைக்கும் மொத பெஞ்சுலயே உக்காந்திருக்கறேன்."

இனி நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். எத்தனை நாள் லீவு போட்டாலும் ஒரு நாள் பள்ளிக்கு வந்துதான் ஆக வேண்டும். அவள் அங்கேதான் இருப்பாள்.

ராசப்பன்