மருந்து கழிக்கிறதுண்டா?

ஜூன் 9, திங்கள்

வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல். பத்து நாளாக இந்த வீட்டில் அதுதான் எஜமான். நானும் வனிதாவும் குடியிருக்கிறோம், அவ்வளவே. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று வலி மாத்திரை போட்டுச் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஷிஜுவின் மெடிக்கல் கடையில் நான் வாயே திறக்க வேண்டாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினால் போதும், அட்டையைக் கிழித்து நீட்டிவிடுவான்.

இது போக, நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் மருந்து. மூடியில் ஊற்றி அளந்து குடிப்பதை விட்டு மூன்று வருஷமாகிறது. பாட்டிலோடு ஒரு மடக்கு. இட்லிக்கு மேல் ஒரு கேஸ் மாத்திரை. எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரை போடாதவனைப் பெரிய மனுஷன் கணக்கில் சேர்ப்பதில்லை.

தோப்பில் வைகாசிக் கடைசிக் காற்று. தென்னை மட்டை விழுகிற சத்தம்கூடப் பல்லில்தான் கேட்கிறது.

"ஏனுங்க, வாளையார் ரோட்டுல புதுசா ஒரு பல் டாக்டரம்மா வந்திருக்குதாமா. போயிட்டு வந்துருங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குக் காப்பி எறங்கமாட்டேங்குது" என்கிறாள் வனிதா. அனுதாபம்!

ஜூன் 11, புதன்

போனேன். டாக்டர் சிஞ்சு. கோட்டயத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சிமெண்ட் லாரி போகிறபோதெல்லாம் கட்டிடமே அதிர்கிறது; அவர் கையிலிருந்த கம்பி அசையவில்லை. (நான் அசைந்தேன்.) என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை? இல்லை. பிரஷர்? வனிதா ஊருக்குப் போயிருக்கும்போது இல்லை. அலர்ஜி? பெனிசிலின் ஆகாது. அப்புறம் கேட்டார்: "மருந்து என்னெல்லாம் கழிக்கிறதுண்டு, அங்கிள்?"

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. ஐம்பத்து நான்கு வருஷமாக இந்த எல்லையில் கிடக்கிறவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் வாய்க்கு நேராக வந்து விழுந்ததை விடுவேனா?

"மருந்தெல்லாம் கழிக்கறதில்லீங்க டாக்டர். காலையில ஒரு நேரம் கழிக்கறதோட சரி."

நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. டாக்டர் ஒரு கணம் விழித்தார். புரிந்ததும் முகக்கவசத்துக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் படிவத்தில் 'மருந்து: இல்லை' என்று விழுந்தது. கோயில் திருவிழா மைக்கில்கூட என் ஜோக் இப்படி எடுபட்டதில்லை.

வேருக்கடியில் சீழாம். ஐந்து நாள் கேப்சூல்; வீக்கம் வடிந்ததும் பிடுங்கலாம். மேல் பற்களின் உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "இங்கெல்லாம் தேஞ்சு போயிருக்கே. புளி அதிகமா?" என்றார். வீட்டு ரசத்தின் மேல் பழியைப் போட்டேன். அதை வனிதாவிடமும் வந்து சொன்னது மடத்தனம்.

ஜூன் 12, வியாழன்

கேப்சூல் வயிற்றைப் பிறாண்டுகிறது. மூளை எதற்கு இருக்கிறது? கேப்சூலை ரோஸ் மருந்தாலேயே விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

ஜூன் 14, சனி

வீக்கம் வடியவில்லை. தாடையின் ஒரு பக்கம் மாம்பழம் கட்டித் தொங்குகிறது.

இன்னொன்று. எழுதலாமா? — என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள். மூன்று நாளாகக் காலையில் போவது தார் மாதிரி இருக்கிறது. கறுப்புத் திராட்சை தின்றிருப்பேன். எப்போது தின்றேன்? விடு. தோப்பில் குனிந்து நிமிர்ந்தால் தென்னைகளெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடத்துக்குத் திரும்புகின்றன. வனிதாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய். பாலக்காடு, ஆஸ்பத்திரி

இடது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. யாருடையதோ. நல்ல மனிதராக இருக்க வேண்டும், உடம்பில் கொஞ்சம் அடக்கம் தெரிகிறது. வலது கையால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வீக்கம் குறையவில்லை என்று வனிதா பல் டாக்டருக்குப் போன் செய்தாள். வீட்டிலிருக்கிற மருந்து அத்தனையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாராம். இவள் பிஸ்கட் டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்து டாக்டர் மேசையில் கவிழ்த்தாள். கேஸ் மாத்திரை, ரோஸ் பாட்டில் இரண்டு, வலி மாத்திரையின் காலி அட்டைகள். என் மானமே பரப்பி வைத்த மாதிரி இருந்தது.

"அங்கிள், மருந்து இல்லைன்னு சொன்னீங்களே?"

"இதெல்லாம் மருந்துங்களா டாக்டர்? கேஸுக்குப் போடறதுங்க."

அவர் சிரிக்கவில்லை. கேப்சூலை எதோடு விழுங்கினேன் என்று கேட்டார். என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். ரோஸ் மருந்து அந்தக் கேப்சூலை வயிற்றிலேயே கட்டிப் பிடித்துக்கொள்ளுமாம். ரத்தத்துக்கே போக விடாதாம். ஐந்து நாளாகச் சீழுக்கு ஒரு துளி மருந்தும் போய்ச் சேரவில்லை. பல் தேய்ந்ததும் ரசத்தால் இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறி வந்து தின்றிருக்கிறது.

"அன்னைக்கே உங்க பல்லு என்கிட்ட சொல்லுச்சு. நான் சிரிச்சதுல கேக்காம விட்டேன். தப்பு என்னோடது."

எத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று ஒருவர் வாயிலும் வந்து கேட்டதில்லை. அதுவும் தப்பு என்னுடையதாக இருக்கும்போது!

பிறகு காலி அட்டைகளை எண்ணினார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். பிடித்தபடியே மெதுவாகக் கேட்டார்: "அங்கிள், இப்ப உங்க தமிழ்லயே கேக்கறேன். கழிக்கறது என்ன கலர்?"

வாயில் நாலு ஜோக் வந்து நின்றது. வனிதாவைப் பார்த்தேன். "கறுப்புங்க" என்றேன்.

வனிதா டப்பாவின் மூடியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னிக்குப் பல்லைத் தொடமாட்டேன்" என்று எழுந்தார் டாக்டர். அத்தனை வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே ரத்தம் கசிகிறது; ரோஸ் மருந்து எரிச்சலை மட்டும் மூடி வைத்திருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கடிதம் எழுதி, வாசலில் நின்று காரில் ஏற்றிவிட்டார். வெளியே ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பல் டாக்டருக்குப் பல்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வாயில் விளக்கடித்து வயிறு வரைக்கும் பார்த்துவிட்டதே அந்தப் பெண்!

மத்தியானம் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். பயமாத்தான் இருக்குது. வேற என்னத்த எழுத?

ஜூன் 18, புதன்

புண் இருக்கிறது. கசிவை அடைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். வனிதா அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21, சனி

வீடு. ஊசி மருந்தில் தாடை வீக்கமும் வடிந்துவிட்டது. வயிற்றில் ஏதோ கிருமியாம், அதற்குப் பதினாலு நாள் மாத்திரை. கேஸ் மாத்திரை இனிமேல் விடிந்ததும் வெறும் வயிற்றில். வலி மாத்திரை பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. வனிதா ஷிஜு கடைக்கே போய், "இவரு மூக்குல அழுதாலும் குடுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். ஊரே எனக்குக் காவல்.

சிஞ்சு டாக்டர் தினமும் போன் செய்து கேட்கிறார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, இன்று பல்லைப் பிடுங்கினார். மரத்துப்போக ஒரு ஊசி, ஒரு திருகு, முடிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் என்னைத் தாங்கின பல் தட்டில் கிடந்தது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கையுறையில் என் ரத்தமே இருந்ததால் விட்டுவிட்டேன்.

குழியில் பஞ்சை வைத்து, "ஒரு மணி நேரம் கடிச்சுப் பிடிக்கணும். பேசவே கூடாது" என்றார்.

"ஒரு மணி நேரந்தானுங்களா டாக்டர்?" என்றாள் வனிதா. "பொழுது சாயற வரைக்கும் வெக்க முடியாதுங்களா?"

இருவரும் என் தலைக்கு மேலே சிரித்தார்கள். பதில் இருந்தது. வாய் இல்லை.

வரும்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். நெடுஞ்சாலையைத் தாண்டி வயல்பாதைக்குத் திரும்பியதும், முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். "அன்னைக்கு உங்க கை எப்படிச் சில்லுன்னு இருந்துச்சு தெரியுங்களா. ஆஸ்பத்திரி வராண்டால நின்னுட்டு, ஊட்டுக்குத் தனியா எப்படிப் போறதுன்னு நெனச்சேன். நெனச்சதுக்கு என்மேலயே கோவம் வந்துருச்சு. உங்ககிட்ட எதச் சொன்னாலும் சிரிச்சு உட்ருவீங்க. அதுதான் சொல்லல."

இன்னும் என்னென்னமோ சொன்னாள். கல்யாணமான புதிதில் நடந்ததெல்லாம். எனக்குத் தெரியாததெல்லாம்.

இப்போது சமையலறையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மணி பார்த்தேன். பஞ்சைத் துப்ப வேண்டிய நேரம் முடிந்து நாற்பது நிமிஷம் ஆகிறது. கடித்துக்கொண்டே இருக்கிறேன்.