நேர்ந்துவிட்ட தலை

சின்னமனூர்
18.4.2004

அன்புள்ள விஜயபாண்டிக்கு,

தலை ஒன்றைத் தவிர அம்மா முழு சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், உன் அத்தை பொன்னாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றதால் வைத்துவிட்டேன். ஒரு தடவை மொட்டை போட்டுக்கொண்டால் அத்தை மனசும் ஆறும், தலையும் ஆறும் என்றாய். இரண்டும் ஆறாது.

தை மாதத்திலிருந்து தலை செதில் செதிலாக உரிந்து, புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் இறங்கிவிட்டது. உன் அத்தை, "மதினி, மண்டை காஞ்சு கெடக்கு, எண்ணெ கேக்குது" என்று பொடுதலைத் தைலம் காய்ச்சி இரண்டு மாதம் தினமும் தேய்த்தாள். நானும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், கான்வென்டில் படித்தவள் செய்த முட்டாள்தனம் அது. செதில் மஞ்சளாகத் தடித்து அரிப்பும் கூடியது. உடனே அது ஆத்தாளின் கோபமாகிவிட்டது. என்னைக் கேளாமலே மஞ்சள் துணியில் காசு முடிந்து, வீரபாண்டி அம்மன் திருவிழாவில் என் முடியைத் தருவதாக நேர்ந்துவிட்டாள். தன் முடியை அல்ல.

தேனியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். இது ஒட்டாது, சாபமும் இல்லை, எண்ணெய்தான் இதற்குத் தீனி என்றார். கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும், நான்கு வாரம். அரிப்புக்கு ஒரு லோஷன், பத்து நாளுக்கு மேல் கூடாது. கேட்காவிட்டால் தார் கலந்த ஷாம்பு உண்டாம். அடியோடு போகாது, திரும்ப வந்தால் திரும்பப் போடுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். மொட்டையைப் பற்றியும் கேட்டேன். மருந்து படுவது சுலபம், நோய் போகாது என்றார். இது மூன்றாவது வாரம், தலையணையில் உதிர்வது பாதியாகிவிட்டது. எண்ணெய் காணாத தலையோடு கடைத்தெருவுக்குப் போனால் எதிர்வீட்டு மொக்கம்மாள், "ஏத்தா, யாரு வீட்டுல எழவு?" என்கிறாள். என் வீட்டில் வைத்தியம் என்றேன்.

முடி கொடுப்பதை நான் இகழவில்லை. உனக்கு மஞ்சள் காமாலை தெளிந்தபோது நானே நேர்ந்து நானே கொடுத்தேன். இன்னொருத்தியின் வாக்குக்கு என் தலை ஈடில்லை. திருவிழாவுக்குப் போவேன், ஆற்றில் முங்கி, கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, முடியோடு திரும்பி வருவேன்.

உனக்கும் புருவம் உரிகிறது என்றாயே, எண்ணெயை நிறுத்தி டாக்டரைப் பார். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும், உன் கை ஓங்கட்டும். கொடியேற்றத்துக்கு முன் அத்தைக்கு நீயே போன் செய்து, அம்மா தரமாட்டாள் என்று சொல்லிவிடு. ஆத்தா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அத்தை கேட்டால் நீ சொல்.

உன் அம்மா,
சந்தனம்மாள்