ஊதா மூடி

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி தொடங்கி இரண்டாவது வாரம். பன்னிரண்டு பேர். அதில் ஏழு பேருக்கு ஊசியைப் பார்த்தாலே முகம் வெளுக்கிறது. இவர்களை ரத்தப் பரிசோதனைக்கூட ஆட்களாக்கி வெளியே அனுப்ப வேண்டியது என் தலையெழுத்து. ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அவள் குத்துவது நோயாளிக்கே தெரிவதில்லை. வகுப்பில் ‘கொசு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு அம்மா, “எப்பம்மா குத்தப் போறே?” என்று கேட்டார். அதற்குள் மூன்று குழாய் நிரம்பியிருந்தது. யாரையும் இரண்டாம் தடவை குத்தியதில்லை என்பதில் கொசுவுக்குப் பெருமை. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 6, வியாழன்

இயந்திரம் காலையிலேயே மக்கர் பண்ணியது. எழுபது மாதிரிகள் தேங்கிவிட்டன. ஒரு சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை. அதே நோயாளியின் இன்னொரு சிவப்புக் குழாயைத் திறந்து இதில் ஊற்றிவிட்டேன். செய்யக் கூடாதுதான். ஆனால் இரண்டும் வெறும் குழாய், உள்ளே மருந்து கிடையாது, ஒன்றும் ஆகாது. கொசு பக்கத்தில் நின்றாள்.

“ஊத்தலாமா மேடம்?”

“தலைக்கு மேல வேலை கிடக்கு, நகரும்மா” என்றேன்.

மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாம் வார்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பேதி என்று வந்து சேர்ந்தவர், தேறி வந்தார். காலையில் அவர் ரத்தத்தில் பொட்டாசியம் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாக எங்கள் அறிக்கை போயிருக்கிறது. அந்த அளவுக்கு ஏறினால் இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம். அவசர அவசரமாகக் குறைக்க மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் இதயம் நின்றுவிட்டது.

வார்டு டாக்டர் போன் செய்தார். “பேதியில அந்த உப்பு குறையத்தானே மேடம் செய்யும்? எப்படி ஏறிச்சு?”

எப்படி ஏறியது?

மார்ச் 19, புதன்

பெரியவரின் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்தேன். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் கொசுவின் கையெழுத்து.

மார்ச் 20, வியாழன்

அவருடைய சிவப்புக் குழாயில் மிச்சமிருந்ததில் கால்சியம் போட்டுப் பார்த்தேன். அன்று அதை யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. உயிரோடு இருக்கும் யாருக்கும் அப்படி வராது. ஊதா மூடிக் குழாயின் ரத்தம் இதில் கலந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஊதாவுக்குள் ஒரு மருந்து உண்டு; அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மருந்தே பொட்டாசியம் உப்புதான். பேதியில் ஏற்கெனவே குறைந்திருந்ததை மருந்து ஏற்றி இன்னும் குறைத்திருக்கிறார்கள்.

கொசுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

“நரம்பு நழுவிடுச்சு மேடம். ஊதா நிறைஞ்சிருச்சு, சிவப்புல கால்வாசிதான் வந்துச்சு. இன்னொரு தடவை குத்தாதேம்மான்னு அந்தத் தாத்தா கையெடுத்துக் கும்பிட்டாரு. மனசு கேக்கலை. ஊத்திட்டேன். நீங்க அன்னைக்கு ஊத்தினீங்களே...”

நான் சிவப்பிலிருந்து சிவப்புக்கு ஊற்றினேனடி! அன்று அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும். நகரும்மா என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும். இந்தப் பக்கம் நானும் அவளும்.

“இப்படிக் கலக்கறதுக்கு நீங்க சொல்லிக் கொடுக்கறீங்களா?”

“இல்லை. பாடத்திலேயே கிடையாது. கூடாதுன்னு முதல் வருஷமே சொல்லிடுறோம்.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

அவளிடம் திரும்பினார்கள். “வேற யாராவது இப்படிச் செய்யறதைப் பார்த்திருக்கியாம்மா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வாய் திறந்திருப்பேன். “இல்லை சார்” என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

காப்பாற்றப்பட்டவள் நான். சே.

ஏப்ரல் 10, வியாழன்

அவளைப் படிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்னும் ஒன்றரை மாதத்தில் முடித்திருப்பாள். மதியம் வந்து பார்த்தால் என் மேசையில், ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டை. பல்கலைக்கழகத்துப் பொருள் என்று கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லையே என்று நானே ஆரம்பித்தேன். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீ சின்ன வயசுல இருந்தே பொய் சொல்ல மாட்டே. உண்மையை மென்னு முழுங்கிடுவே.”

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். சாப்பிடக்கூட இல்லை. யார் மேல் கோபம்?

மே 5, திங்கள்

மார்ச் ஆறாம் தேதி நடந்ததை ஒன்று விடாமல் எழுதி துறைத் தலைவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“ஃபைலை மூடியாச்சு. இப்ப எதுக்குக் கிளறுறீங்க?”

“அந்தப் பொண்ணைத் திரும்பச் சேர்த்துக்கணும் சார்.”

“செத்தவர் திரும்ப வருவாரா?”

கடிதம் வாங்கிக்கொண்டார்.

மே 23, வெள்ளி

பதில் வந்தது. எனக்கு எச்சரிக்கை. அவள் விஷயத்தில் மாற்றமில்லை.

மே 24, சனி

அவள் வீட்டைத் தேடிப் போனேன். அவளுடைய அப்பா கதவைப் பாதி திறந்தார். நான் யாரென்று சொன்னதும், “அவ தூங்குறா” என்றார். காலை பதினொன்றரை மணி. உள்ளே அவள் செருப்பு கிடந்தது. சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன், என்னைப் பார்த்துச் செய்ததுதான் என்று. கேட்டுக்கொண்டார். “இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே” என்று கதவைச் சாத்தினார்.

ஜூன் 16, திங்கள்

புது மாணவர்களுக்கு முதல் செய்முறை வகுப்பு. நாற்பது பேர். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு என் கையை நீட்டினேன். முதல் தடவை நரம்பு கிடைக்கவில்லை. “போதும் மேடம், வலிக்கும்” என்றாள். இன்னொரு தடவை குத்து என்றேன். ஊசியைக் கீழே வைக்கப் போனாள். குத்து என்றேன்.

ஒரு ஊதா, இரண்டு சிவப்பு. ஊதாவிலிருந்து ஒரு சிவப்பில் ஊற்றினேன். இரண்டு சிவப்பையும் இயந்திரத்தில் போட்டேன். ஒன்றில் எல்லாம் சரி. மற்றதில் பொட்டாசியம் இயந்திரத்தின் உச்ச அளவைத் தாண்டிவிட்டது. “இந்த எண் நிஜம்னா நான் இப்ப உங்க முன்னாடி நின்னு பேசிட்டிருக்க முடியாது” என்றேன். சிரித்தார்கள். பிறகு ஏழாம் வார்டைச் சொன்னேன். ஊற்றிக் காட்டியது யார், பார்த்தது யார், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார், எல்லாம் சொன்னேன்.

முதல் வரிசையில் ஒரு பெண் பேனாவோடு கை தூக்கினாள்.

“மேடம், இது பரீட்சைக்கு வருமா?”

வரும் என்றேன். எழுதிக்கொண்டாள்.