கழுத்துக்குப் பின்னியது

மார்கழி 18, ஞாயிறு
நல்ல பனி. கோலம் கரைந்தே போச்சு. லீவு.

அப்பாவுக்கு மஃப்ளர் முடிந்தது. சிவப்புக் கம்பளி நூல். ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போய், நாலு வரிசை பிரித்து மறுபடி பின்னினேன். பிரிக்கிறதும் சுகமாகத்தான் இருக்கிறது.

சமையல்: முத்துப்பேட்டை மடவை மீன், கத்திரிக்காய் போட்டுக் குழம்பு. மல்லியை வறுக்காமல் பச்சையாக அரைத்துப் பார்த்தேன். அடடா! சாப்பிட நான் ஒருத்திதான். அதனால் என்ன.

வீட்டுக்கார ஜெய்னம்பு அக்கா எட்டிப் பார்த்தார். கீழ்வேளூரில் எனக்கு அறை கொடுத்த புண்ணியவதி.
"ஏன் டீச்சரு, நம்ம ஊர் வெயிலுக்குக் கம்பளியா?"
"பிடிச்சிருக்குக்கா."
"ஒத்த ஆளுக்கு இம்புட்டுச் சமையலா?"
"அதுவும் பிடிச்சிருக்குக்கா."
சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிப் போனார்.

அம்மாவின் கை நாற்று நட்டது, களை பறித்தது, பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகை கூட்டியது. பிடித்ததென்று ஒன்றும் செய்ததில்லை. எங்கள் தெருவில் பிடித்ததற்காகக் கையை அசைத்த முதல் ஆள் நான்தான். எவர் கேட்டாலும் விடமாட்டேன்.

மார்கழி 21, புதன்
சாக்பீஸ் தீர்ந்தது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருமல்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். தை அறுப்புக்குக் கூலி ஏற்றித் தந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெரு சொல்லிவிட்டது. முன்னால் நிற்பது அப்பா.
"உங்கப்பாவுக்கு நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதாம்மா? பண்ணையார் நம்ம ஸ்கூலுக்கு வேண்டியவரு."
"கூலியைக் கூட்டிக் குடுக்கச் சொல்லி நீங்க அவருக்கு எடுத்துச் சொல்லுங்க சார்."
வெளியே வந்த பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. வேறு ஊருக்கு மாத்திப் போடுவார்களோ? போடட்டும். ஊசியும் நூலும் பைக்குள் அடங்கும், சட்டியும்தான்.

மார்கழி 25, ஞாயிறு
ஊருக்குப் போனேன். தூக்குவாளியில் இறால் தொக்கு. அம்மா விரலை நக்கிவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அவளிடம் இதுவே பெரிய பாராட்டு.

மஃப்ளரைக் கழுத்தில் சுற்றியதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. வாய்க்கால் கரையில் என்னோடு நடந்தார். வேண்டுமென்றே மெதுவாக, எல்லோரும் பார்க்கட்டும் என்று.

எதிரே பண்ணையார் கார். அவ்வளவுதான். அப்பாவின் கை மேலே போனது, மஃப்ளரை உருவியது, இடுப்பில் கட்டியது. எல்லாம் ஒரு நொடியில். பண்ணைக்கு முன்னால் எங்கள் ஆட்களின் தோளில் துண்டு இருக்கக்கூடாது. காலங்காலமாக அப்படி. ஆட்சி மாறியது, ரேடியோவில் சுயமரியாதை பேசுகிறார்கள், அப்பாவே கூட்டம் போட்டு அதைப் பேசியவர்தான். ஆனாலும்!
"என்னடா, இடுப்பு குளிருதா?" என்று கேட்டுவிட்டுக் கார் போய்விட்டது.
"கை தானா போயிருச்சும்மா" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

தை பத்தாம் தேதி பண்ணை வீட்டு வாசலில் கூலிப் பேச்சு. அன்றைக்கும் கை தானாகப் போனால்? இடுப்பில் துண்டோடு நிற்கிறவன் கேட்கிற கூலியை எவன் தருவான்?

மார்கழி 26, திங்கள்
அழுதேன். மஃப்ளரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன், முழுசையும் பிரித்தேன்.

ஸ்வெட்டர் பின்னப்போகிறேன். பட்டன் கிடையாது, முன்பக்கம் திறப்பு கிடையாது. தலை வழியாகத்தான் போடணும். இதை எப்படி இடுப்பில் கட்டுவாராம்?

நூல் பத்தாது. அக்காவிடம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பிய கறுப்பு நூல் இருந்தது, கொடுத்தார்.
"செவப்பும் கறுப்புமா? டீச்சரு ஆளுங்கட்சியில சேந்தாச்சா?"
"இருக்கிற நூல் இதுதானேக்கா."
"கவர்மெண்ட் சம்பளம் வாங்குற புள்ள, பாத்து நடந்துக்க."
பதிலுக்கு மடவைக் குழம்பின் பக்குவம் கேட்டார். சொன்னேன். பச்சை மல்லி ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை.

தை 2, சனி
மாட்டுப் பொங்கல். தெருவெல்லாம் மாட்டு மணிச் சத்தம்.

முதுகு முடிந்தது. முன்பக்கம் பாதி. ஒரு கையால் நண்டு ரசம் கலக்கி, மறு கையில் ஊசி. ரசம் பொங்கி ஸ்டவ் அணைந்தது. பரவாயில்லை, மணக்கிறது. மிளகு போதும், அடுத்த முறை பூண்டு கூட.

கழுத்தைச் சற்று இறுக்கமாகவே விட்டேன். போடும்போது கஷ்டப்படுவார். படட்டும்!

அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியதற்கு, "என்னைப் பொம்மையாக்குறா" என்றாராம். ஆனால் அளவுக்குப் பழைய பனியனைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

தை 10, ஞாயிறு
கூலி முடிவாகவில்லை. புதன்கிழமை மறுபடி பேச்சு. அது கிடக்கட்டும், இதை இப்போதே எழுதணும்.

பெண்களோடு வேலியோரம் நின்றேன். பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அப்பா ஸ்வெட்டரோடு முன்னால். நெற்றியில் வேர்வை. கழுத்துப் பட்டை கொஞ்சம் கோணல், என் தப்பு. அம்மா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பண்ணையார் வெளியே வந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.
"என்னடா வேஷம்? கழட்டி வச்சிட்டுப் பேசு."

அப்பாவின் கை எழுந்தது. பாழாய்ப்போன கை. தோளுக்குப் போனது, உருவ ஒன்றும் இல்லை. கழுத்துப் பட்டையில் விரலை விட்டு இழுத்தார், வரவில்லை. பிறகு கையைக் கீழே விட்டார்.

"இதைக் கழட்டணும்னா தலை குனியணுங்க" என்றார். "அது வேணாம். இப்படியே நிக்கிறேன். நீங்க கூலியைச் சொல்லுங்க."