சொல்லும் தேதி, தைக்கும் தேதி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கடை மிஷினும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, நீதான் தெளிய வைக்கவேண்டும்.

மாலைப் பள்ளிக்கூடத்துக்கு என்று நீ போட்டு அனுப்பிய அட்டவணையைத் துணி வெட்டும் மேஜைக்கு மேலே ஒட்டினேன். படிக்க ஒரு கட்டம், குறிப்பெடுக்க ஒன்று, எழுதிப் பார்க்க ஒன்று, நல்லபடியாக எழுத ஒன்று என்று கலர் கலராக இருந்ததா, தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த தன் பேன்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மனுஷனுக்கே மகள் அளவெடுத்துவிட்டாள் என்று உன் அம்மா ஒரே சிரிப்பு. சிரிக்கிற விஷயமா இது? கண் மங்கி, ஊசியில் நூல் கோக்கக்கூட இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறேன். பயிற்சி நிலையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைக்க இந்தப் பரீட்சை பாஸாக வேண்டும், பரீட்சைக்கு உட்காரவேண்டும் என்றால் முதலில் நான் எழுதும் ஒரு கட்டுரை பரீட்சை ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டும்.

எங்கள் டீச்சர், சின்னப் பையன்தான், கட்டுரைக்கு வெள்ளிக்கிழமை என்றார், நீ அட்டவணையில் புதன்கிழமையே முடி என்று போட்டிருந்தாய். நம் தொழிலில் தேதி என்றால் இரண்டு உண்டு, சொல்லும் தேதி ஒன்று, தைக்கும் தேதி ஒன்று, உனக்குத் தெரியாததா. வெள்ளி என்று சொன்னால் வாடிக்கைக்காரர்கள் திங்கள் வருவார்கள், பித்தான் மட்டும்தான் பாக்கி என்போம், புதன் கொடுப்போம், இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதே கணக்கில், மகள் தன் பங்குக்கு நாளைக் கொஞ்சம் உள்ளே மடித்திருக்கிறாள், டீச்சரும் மடித்திருப்பார், இரண்டையும் பிரித்துவிட்டால் அடுத்த வாரம் முழுக்கத் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து, பள்ளிச் சீருடை அவசரத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று தலைப்பில் ஒரு சந்தேகம் கேட்கிறேன், டீச்சரோ கட்டுரையெல்லாம் வெள்ளிக்கிழமையே அனுப்பியாகிவிட்டது என்கிறார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, ஐயா உங்ககிட்ட ஒரு கோட்டு தைக்கக் குடுத்தேனே ஞாபகம் இருக்கா, வெள்ளிக்கிழமை தர்றேன்னீங்க, நான் வெள்ளிக்கிழமையே வந்து நின்னேன், மறுநாள் தங்கச்சி கல்யாணத்துக்குப் பழசத்தான் போட்டுக்கிட்டுப் போனேன் என்று சொன்னார். அன்றைக்கு நான் கடையில் இல்லை, துணியை வெட்டவே இல்லை, உன் அம்மா வாய் கூசாமல் பித்தான்தான் பாக்கி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை எனக்கு. சொன்ன தேதிக்கே வந்து நின்ற ஒருத்தரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கட்டுரை விட்டுப்போனவங்களோடது வியாழக்கிழமை போகும், வியாழன்னா வியாழன்தான் ஐயா என்றார். மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் கட்டுரை என்று வியாழக்கிழமை போய் நின்றேன், இரண்டையும் வாங்கிக்கொண்டார். பரீட்சைக்கு என் பெயர் போய்விட்டது.

சரி, இனிமேல் ஒரே தேதிதான் என்று முடிவு கட்டினேன். இப்போது என்ன ஆயிற்று தெரியுமா, சொன்ன நாளில் தைத்து வைத்தால் ஒரு ஜீவன் வரவில்லை, எல்லாரும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள், தைத்த துணி மேஜையெல்லாம் குவிந்து கிடக்கிறது. தபால்காரர் பேன்ட்டைப் பார்த்துவிட்டு, என்ன இவ்வளவு சீக்கிரம், சரியாத் தைச்சீங்களா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எந்தத் தேதியை நம்புவது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷமும் ஒரு தேதி சொன்னாய், அதற்கு முந்தின வருஷமும் சொன்னாய். நான் அதையெல்லாம் கடைக் கணக்கில் போட்டு, பித்தான் மட்டும்தான் பாக்கி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உன் அம்மா இருக்கிறாளே, கடையில் என்னைவிடப் பெரிய புளுகு புளுகுகிறவள், உன் விஷயத்தில் மட்டும் அந்த டீச்சர் மாதிரி, ஒவ்வொரு தடவையும் நீ சொன்ன நாளில் உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் கிண்டல் செய்தேன். இனி அது என்னால் ஆகாது. இந்தத் தடவை வருவது நிஜமா இல்லையா, வேலை விடாது என்றால் அதையே சொல்லிவிடு கண்ணு, கோபமில்லை, அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, போட்டாலும் அன்றைக்கே முடித்துவிடு. இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசி. மறக்காமல் பதில் எழுது. உன் அட்டவணையில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது, நீ வரும் தேதியை அதில்தான் எழுதப்போகிறேன், பென்சிலால் எழுதவா, பேனாவால் எழுதவா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா