தானாகத் திறந்த கதவு

இன்று காலை நம் குடியிருப்பில் வண்டிகள் நிறுத்தும் இடத்தைக் கடக்கும்போது கிரீஸ் வாசனை வந்தது. உன் வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இழுத்துத் திறக்கும் கதவு ஓடும் பள்ளத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேனை விற்கப் போகிறாராம். பார்க்க பிம்ப்ரியிலிருந்து ஒருவர் வருகிறாராம்.

"நீங்களும் கூட இருங்க. கதவைப் பத்திக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றார்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நீ. உனக்கும் கடைசிவரை தெரியவில்லை.

வேன் கதவுகளைச் சோதிப்பதுதானே சிஞ்ச்வட் தொழிற்சாலையில் உன் வேலை. நாள் முழுக்க ஓர் இயந்திரம் கதவைத் திறக்கும், மூடும். எது தேய்கிறது, எது தளர்கிறது என்று நீ பார்ப்பாய். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இவ்வளவு தூரம் போய்க் கதவு சாத்துகிறாளே என்று உன் அம்மா குறைப்பட்டதை நீயே சொல்லிச் சிரிப்பாய். இந்த வேனை வாங்கிய அன்று என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினாய். "எங்ககிட்ட பாஸான கதவு புள்ள. ஒரே விரல்ல இழுத்துப் பாரு" என்றாய். இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

அந்த மழைக்கால ஞாயிறு லோனாவாலா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். உன் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். நீ ஓட்டினாய், நடு இருக்கையில் நானும், அப்போது மூன்றாவது படித்த உன் மகளும். அவள் கதவோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு வளைவில் கதவு நகர்ந்தது. படாரென்று அல்ல, வெளியிலிருந்து யாரோ நிதானமாக இழுப்பதுபோல. முதலில் மழைச் சத்தம் உள்ளே வந்தது, பிறகு சாலை தெரிந்தது. எப்படிப் பிடித்தேன் என்று இன்றும் தெரியாது. அவள் சட்டைக் காலரும் ஒரு கொத்துத் தலைமுடியும் என் கையில் இருந்தன.

வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாய். அப்புறம் மழையில் நின்றபடியே கதவைத் திறந்து மூடினாய், திறந்து மூடினாய். ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது.

"சரியாத்தான் இருக்குது. அப்பறம் எப்படித் திறந்துச்சு?" என்று என்னைக் கேட்டாய்.

"யாராவது சரியா சாத்தாம விட்டிருப்போம்" என்றேன்.

"நான்தான சாத்துனேன்?"

மறுநாளே கதவைக் கழற்றிப் பார்த்தாய். தாழ், உருளை, ஸ்பிரிங் எதிலும் குறையில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாய். அதன் பிறகு அந்தக் கதவு ஒருமுறைகூட அப்படிச் செய்யவில்லை. உன்னால்தான் அதை விட முடியவில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "தாழுக்குள்ள தண்ணி போயிருக்குமோ?" என்பாய். வேனை விற்றுவிடேன் என்று நான் சொன்னால், "ஏன் திறந்துச்சுன்னே தெரியாம அதை இன்னொருத்தர் தலையில எப்படிக் கட்டறது?" என்பாய். அத்தனை பயம் இருந்தால் நீ மட்டும் ஏன் அதையே ஓட்டினாய்? இதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த வருஷம் குளிர் விடும் சமயத்தில், வேலையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாய், எழவே இல்லை. இதயம் என்றார்கள். கொஞ்ச நாள் முன்புதான் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்து, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். "எல்லாம் சரியா இருந்துச்சுங்களே" என்று உன் வீட்டுக்காரர் டாக்டரிடம் தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் பொறுமையாக இந்தியில் விளக்கினார். வார்த்தைகள் புரிந்தன. விஷயம் இன்றுவரை புரியவில்லை.

வாங்க வந்தவர் மனைவியையும் குழந்தையையும் அழைத்து வந்திருந்தார். கதவை இழுத்துப் பார்த்தார். "தர்வாஜா பக்கா ஹை நா?" என்றார். கதவு உறுதிதானே என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். லோனாவாலாவில் நடந்ததைச் சொன்னேன். எல்லாப் பாகங்களையும் மாற்றியதையும், அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க" என்றார் உன் வீட்டுக்காரர். கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே, "அவ ஓட்டுன வண்டி. போகலைன்னா இருக்கட்டும்" என்றார்.

அந்தக் குழந்தைக்காகத்தான் சொன்னேனா, இல்லை வேன் நம் வாசலைவிட்டுப் போகக் கூடாது என்று சொன்னேனா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

சாயங்காலம் உன் மகளை டியூஷனுக்கு ஆட்டோவில் கட்கிக்குக் கூட்டிப்போனேன். உன் உயரம் வந்துவிட்டாள். ஒரு திருப்பத்தில் என் கை தானாக நீண்டு அவளுக்குக் குறுக்கே போய் நின்றது.

"ஆன்ட்டி, கை எடுங்க நா. நான் சின்ன பச்சா இல்ல" என்று இந்தி கலந்து சொன்னாள்.

சரி என்றேன். அடுத்த திருப்பம் வந்தபோது கை மறுபடியும் அங்கேதான் இருந்தது. இந்தத் தடவை அவள் அதன்மேல் தன் புத்தகப் பையைச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.