உங்கள் அட்டையில் என் கால்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் இளைய மகள் வீட்டில் சௌக்கியம் என நம்புகிறேன். இங்கே பேத்தி நலம். என் கால் வீக்கமும் வடிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் கிளம்பிய மறுவாரம் என் இடது கால் முழங்கால் வரை சிவந்து வீங்கியது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. உங்கள் மகன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் முன்பணம் கட்டிய பிறகே உள்ளே போகலாம் என்று கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "விருந்தாளின்னு வர்றாங்க, வியாதியையும் பெட்டியில கட்டிக்கிட்டு வர்றாங்க. வரி கட்டுறது நாம" என்றாள். வரிசையே சிரித்தது. அருவருப்பாக இருந்தது. ஆனால் அவள் பேச்சில் பாதி நியாயம் என்றும் தோன்றியது. வந்தவன் கட்டத்தான் வேண்டும். காலைப் பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் மகன் பையிலிருந்து எடுத்து நீட்டியது, நீங்கள் வீட்டில் விட்டுப்போன உங்கள் மருத்துவ அட்டை. "ரெண்டு பேருக்கும் வயசும் ஒண்ணு, வழுக்கையும் ஒண்ணு. பேசாம வாங்க மாமா" என்றார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஆள்மாறாட்டம் பிடித்தவன் நான். உங்கள் பிறந்த தேதியைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தேன். முன்பணம் கட்ட என்னிடம் பணம் இருந்தது. வாய்தான் இல்லை.

டாக்டர் பெனிசிலின் ஊசி எழுதினார். நர்ஸ் கணினியைப் பார்த்து, "உங்களுக்கு இது ஒத்துக்காதுன்னு இருக்கே ஐயா?" என்றாள். கேள்வி வளர்ந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, உங்கள் மகன், "அது பழைய தப்பும்மா, எடுத்துடுங்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் உங்கள் பதிவிலிருந்த அந்தக் குறிப்பை அழித்துவிட்டாள்.

பல் பிடுங்கப் போய், அந்த ஊசியால் மூச்சு நின்று பிழைத்ததை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் உங்கள் குடலிறக்க அறுவை சிகிச்சையும் அதே மருத்துவமனையில்தான்.

அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாக உங்கள் மகன் சொன்னார். பதினாறு நாளாகிறது. நேற்று மறுபடி கேட்டேன். "நோண்டாதீங்க மாமா, என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க" என்றார். என் மகள் அடுப்பைப் பார்த்து நின்றாள். அருவருப்பு அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

என் போன் இங்கே வேலை செய்வதில்லை. மகளின் போனில் இதைப் பேச முடியாது. அதனால் கடிதம்.

ஊசியோடு யார் வந்தாலும், கையை நீட்டும் முன் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவர்கள் பதிவை நம்ப வேண்டாம். வியாழக்கிழமை நானே போய் உண்மையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சொல்வேன் என்று எழுதக் கை வரவில்லை. என்னை எனக்குத் தெரியும். ஆகவே கடிதம் கிடைத்ததும் நீங்களே மருத்துவமனைக்குப் போன் செய்துவிடுங்கள். விசாரணை வந்தால் உங்கள் மகனுக்கு என்ன ஆகுமோ தெரியாது. என் மகளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். எல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். போன் செய்யுங்கள்.

நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி